டிர்என்வ்: ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் கெட்டி

நான் பார்க்கும் இரண்டு புராஜெக்ட்டுகளும் 'டேட்டாபேஸ்_யூஆர்எல்' என்ற ஒரே பெயருள்ள சூழல் மாறியைத்தான் (நிரல்கள் ஷெல்லிடமிருந்து எடுத்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பு) கேட்கும். மதிப்பு மட்டும் வேறு. இரண்டையும் பேஷ் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பில் வைத்துக்கொண்டு, எந்த டெர்மினலில் எது ஏறியிருக்கிறது என்று எக்கோ போட்டுப் பார்ப்பதே தனி உத்தியோகமாக இருந்தது. இப்போது அந்த வேலையை, ஃபோல்டருக்கு ஏற்ப மாறிகளை மாற்றும் டிர்என்வ் (direnv) என்ற சிறு கருவி எடுத்துக்கொண்டது.

ஃபோல்டருக்குள் '.என்வ்ஆர்சி' என்று ஒரு கோப்பு வைத்து, அதில் வழக்கமான எக்ஸ்போர்ட் வரிகளை எழுத வேண்டும். சிடி அடித்து உள்ளே போனால் மாறிகள் ஏறும், வெளியே வந்தால் இறங்கும். ஏற்றுவது பெரிய வித்தை இல்லை, அதற்கு சோர்ஸ் கட்டளையே போதும். முன்பு என்ன மதிப்பு இருந்ததோ அதையே திரும்ப வைத்துவிட்டுப் போகிறதே, அதற்காகத்தான் இதை வைத்திருக்கிறேன். கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் 'பாத்' மாறியில் நாம் சேர்த்த பாதையும் அப்படியே கழன்றுவிடும். ஒரே பாதை நாலு முறை ஒட்டிக்கொண்டு நீளும் தொல்லை இல்லை.

ஒவ்வொரு முறை பிராம்ப்ட் வருவதற்கு முன்பும் இது கோப்பைத் தேடுகிறது. கிடைத்தால் தனியாக ஒரு பேஷில் ஓட்டிப் பார்த்து, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நம் ஷெல்லுக்குக் கொடுக்கிறது. அதனால் ஃபிஷ் என்ற வேறு ஷெல்லைப் பயன்படுத்துபவரும் இந்தக் கோப்பை பேஷிலேயே எழுதலாம். அதே காரணத்தால் கோப்பில் எழுதிய ஏலியாஸ் (கட்டளைக்கு வைக்கும் சுருக்கப் பெயர்), ஃபங்ஷன் எதுவும் நம் ஷெல்லுக்கு வராது. எனக்கு இது உறுத்தல்தான்.

புதிய கோப்பானாலும் சரி, ஓர் எழுத்து மாறினாலும் சரி, 'டிர்என்வ் அலௌ' சொல்லும்வரை ஓட்டாது. சிலருக்கு இது எரிச்சல். கிட் புல் அடித்தபோது யாரோ எழுதிய வரி வந்து, வெறும் சிடிக்கே ஓடினால் என்ன ஆகும்? அதனால் இந்த அனுமதியை அது கேட்கத்தான் வேண்டும்.

குறைகள் உண்டு. உள் ஃபோல்டரில் தனியாக ஒரு கோப்பு இருந்தால் மேலே உள்ளது கண்டுகொள்ளப்படாது. அதுவும் வேண்டுமென்றால் உள் கோப்பில் 'சோர்ஸ்_அப்' என்று நாமே எழுத வேண்டும். மாறிகள் நிறைய இருந்தால், நுழையும்போதெல்லாம் கூட்டல் குறி போட்ட பெயர்கள் வரிசையாகத் திரையை அடைக்கும். 'டிர்என்வ்_லாக்_ஃபார்மேட்' மாறியைக் காலியாக வைத்தால் வாயை மூடிக்கொள்ளும்.

நிறுவுவது எளிது. கோ மொழியில் எழுதிய ஒற்றைக் கோப்பு. ஷெல்லின் ஆர்சி கோப்பில், டிர்என்வை பிராம்ப்ட்டோடு இணைக்கும் ஹூக் வரியைக் கடைசியில் சேர்த்தால் முடிந்தது. பிராம்ப்ட்டை நம்பி இயங்குவதால் குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் தானாக வேலை செய்யாது, அங்கே 'டிர்என்வ் எக்ஸெக்' போட வேண்டும்.

அப்புறம், இது பெட்டகம் இல்லை. சாவிகள் வெறும் எழுத்தாகத்தான் கோப்பில் கிடக்கும், அங்கிருந்து தொடங்கும் எல்லா புராசஸுக்கும் போகும். ரகசியம் வைத்திருந்தால் முதலில் கிட் எதைச் சேர்க்கக்கூடாது என்று சொல்லும் கிட்இக்னோர் கோப்பில் '.என்வ்ஆர்சி' பெயரைச் சேருங்கள், பிறகு அலௌ அடியுங்கள்.