ரொறன்ரோவில் இருந்து பலாலிக்கு

ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வான்வழித் தூரம் கிட்டத்தட்ட 13,700 கிலோமீற்றர். தூரம் பார்க்கும் இணையத்தளங்கள் அதற்கு 15, 16 மணித்தியாலம் என்று போட்டிருக்கும். அதை நம்பி வீட்டாரைச் சாப்பாடு போட்டு வைக்கச் சொல்லிவிடாதீர்கள். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு ஜெட் எங்கும் நிற்காமல் பறந்தால் வருகிற கணக்கு அது. ரொறன்ரோவில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு அப்படி நேரே போகிற பிளேன் கிடையாது. வீட்டுக்கு வீடு பார்த்தால் ஒரு நாளைத் தாண்டும்.

இந்தமுறை கொழும்பை விட்டுவிட்டு லண்டன், சென்னை, யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலி என்று போனேன். லண்டன் வரை 5,700 கிலோமீற்றர், ஏழு மணித்தியாலம். அங்கிருந்து சென்னை 8,200, பத்து மணித்தியாலம். கடைசித் துண்டையும் சேர்த்தால் நேர்கோட்டைவிட 550 கிலோமீற்றர் மட்டில்தான் கூட. டுபாயால் போனாலும் தூரம் ஏறக்குறைய இதேதான். எங்கே எவ்வளவு நேரம் குந்தியிருக்கப் போகிறோம் என்பதைப் பார்த்து ரிக்கெற் போடுங்கள்.

சென்னையில்தான் விஷயமே இருக்கிறது. பலாலி ரிக்கெற்றைத் தனியாக எடுத்தால் பெட்டி தானாக மாறிப் போகாது. குடிவரவு தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி போட வேண்டும். அதற்கு இந்திய விசா கையில் இருக்க வேண்டும். கனடாக் கடவுச்சீட்டுத்தானே என்று அசட்டையாக வந்தால் அவ்வளவுதான். அப்புறம் தராசு. கனடாவில் 23 கிலோப் பெட்டி இரண்டை மறுபேச்சில்லாமல் ஏற்றிவிட்டவர்கள் வேறு, சென்னையில் பலாலிப் பிளேனுக்குப் பெட்டி நிறுக்கிறவர்கள் வேறு. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா பெட்டியை நிலத்தில் விரித்து, சொக்லேட் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் குளிர்ச்சட்டைப் பொக்கெற்றுகளில் திணித்தா. சென்னை வெக்கையில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே பிளேனுக்கும் வந்தா. கவுண்டரில் இருந்த தம்பி மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தொகை சொன்னார். எழுதின விலைப்பட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்ட பிறகுதான் குறைந்தது.

பலாலிக்கு வருவது ஏரிஆர் 72, காற்றாடி வைத்த சின்னப் பிளேன், 70 பேர் மட்டில் இருக்கலாம். 350 கிலோமீற்றர் சொச்சத்துக்கு ஒன்றேகால் மணித்தியாலம். ஜெட்டில் வந்த காலுக்கு இது மாட்டுவண்டிதான், ஆனால் தாழப் பறப்பதால் கரையும் கடலும் வடிவாகத் தெரியும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுபாதை. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். இறங்கி நடந்தே கட்டடத்துக்குப் போகலாம். ஆட்கள் குறைவு, அலுவல் கெதியில் முடிந்தது. கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவில் இறங்கியிருந்தால் அந்த நேரத்தில் வாகனத்தில் ஏறி, இன்னும் ஏழெட்டு மணித்தியாலம் வீதியில் குலுங்கியிருப்பேன்.

வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த வழியைத்தான் சொல்லுவேன். சாமானோடு போகிறவர்களுக்குச் சொல்லமாட்டேன். திரும்பி வரும்போது எதிர்காற்றில் லண்டன்–ரொறன்ரோ ஒரு மணித்தியாலம் கூடுதலாக எடுக்கும், அது பரவாயில்லை. மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் கட்டி வைத்த அம்மாவிடம் சென்னைத் தராசைப் பற்றிச் சொன்னேன். "அப்ப கொழும்பாலை போ" என்றா.