மெய்ப்பு பார்க்கும் மேசையில் கூச்சின்: மூன்று வருட அனுபவம்

என் வேலை மெய்ப்பு பார்ப்பது. பாட்டு வரிகள் காதில் விழுந்தால் கண் தாளில் நிற்காது. அதனால்தான் மூன்று வருடம் முன்பு சீனப் பாரம்பரிய வாத்திய இசையைப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் கிடைத்தவை மணிக்கணக்கில் ஓடும் ‘மன அமைதி’ தொகுப்புகள். 21 தந்தி குசெங், கூடவே கீபோர்டு, மழைச் சத்தம், குருவிச் சத்தம். பத்தே நாளில் திகட்டிவிட்டது. அப்புறம் தனித்தனி வாத்தியமாகத் தேடினேன்.

சீன இசை என்றாலே அமைதி என்று நினைத்தது தப்பு. பிபா என்னும் தந்தி வாத்தியத்தில் ஒரு புகழ்பெற்ற உருப்படி, கி.மு. 202இல் நடந்த போரையே வாசித்துக் காட்டுகிறது. தந்திகளை அறைந்து குதிரைக் குளம்பும் வாள் மோதலும் எழுப்புவார்கள். வில்லால் வாசிக்கும் எர்ஹூவுக்கு இரண்டே தந்தி, ஆனால் மனிதக் குரல் போலவே அழும். ஊஷி நகரத் தெருக்களில் வாசித்த பார்வையற்ற கலைஞர் ஆபிங்கின் 1950ஆம் ஆண்டுப் பதிவைக் கேளுங்கள். அதைப் பின்னணியில் ஓடவிட எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் நிலைத்தது கூச்சின் என்னும் பழைய சீனத் தந்தி வாத்தியம். ஏழு தந்தி, மெட்டுக்கட்டைகள் கிடையாது, விரல் வைக்கும் இடம் காட்ட 13 புள்ளிகள் மட்டும். அறிஞர்கள் தங்கள் அறையில் தமக்காகவும் நெருங்கிய நண்பருக்காகவும் வாசித்தது என்பதால் சத்தமே சன்னம்தான். மீட்டிய பிறகு இடக்கை விரல் தந்தியில் வழுக்கிக்கொண்டே போகும். நாதம் தேய்ந்த பின்னும் அந்த அசைவு தொடரும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகவே இல்லை. பட்டுத் தந்தியில் வாசித்த பழைய பதிவுகளில் விரல் உரசும் ஒலிகூடக் கேட்கும். உலோகத் தந்தியின் துல்லியத்தைவிட எனக்கு அந்த உரசல்தான் பிடிக்கிறது.

நம் காதுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஐந்து சுர இசை என்பதால் சில உருப்படிகள் அப்படியே மோகனம் போல ஒலிக்கும். முதல் சில மாதம் திருத்துவதை விட்டுவிட்டு ஏதாவது ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். போகப் போகச் சரியாகிவிட்டது.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், கீழ்ஸ்தாயி முழுக்கக் காணாமல் போகும். சாதாரண ஹெட்போன் போதும். ஒலியை மின்விசிறிச் சத்தத்துக்குச் சற்று மேலே வைத்தால் சரியாக இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் சியாவ் என்னும் நீண்ட மூங்கில் குழல் கூச்சினோடு சேரும் பதிவுகளைப் போடுகிறேன். அந்த நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமாக வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

கூச்சின் கலைஞர் குவான் பிங்ஹு வாசித்த ‘ஓடும் நீர்’ மட்டும் இப்போது என் வேலைப் பட்டியலில் இல்லை. 1977இல் வாயேஜர் விண்கலங்களின் தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் ஏற்றி அனுப்பினார்களே, அதே ஏழரை நிமிடப் பதிவு. நடுவில் வெள்ளம் பெருகும் இடம் வந்தால் என் பேனா நின்றுவிடுகிறது. அதை ஞாயிறு காலையில், கையில் தாள் எதுவும் இல்லாமல் கேட்கிறேன்.