எம்ஜிபி காருக்கு ஏர் ஃபில்டர்: நான்கு வருட அனுபவம்

பெரியப்பா வைத்திருந்த 1967 எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இப்போது கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தோப்பு வீட்டில் நிற்கிறது. 1798 சிசி எஞ்சின். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். கம்பெனியில் வந்த ஒன்றரை அங்குல எஸ்யூ (பிரிட்டிஷ் தயாரிப்பு) கார்புரேட்டர்களைக் கழற்றிவிட்டு, நான்கு வருடம் முன்பு அதிலேயே பெரிய மாடலான ஒன்றேமுக்கால் அங்குல எச்எஸ்6 இரண்டு போட்டேன். கார்புரேட்டர் ஒரே நாளில் ஏறிவிட்டது. அதற்குச் சரியான ஏர் ஃபில்டர் அமைய ஒன்றரை வருடம் ஆனது.

முதல் இரண்டு மாதம் கார்புரேட்டர் வாயில் வெறும் கம்பி வலைதான். சத்தம் அருமை. ஆனால் எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது. காற்று நிற்காது, கோடையில் மண்ணையும் சேர்த்துக்கொண்டு வரும். பொள்ளாச்சிப் பக்கம் போனால் நார் மில் தூசி வேறு. ஒருநாள் டேஷ்பாட்டை (கார்புரேட்டரின் மேல்கூடு) திறந்தால் உள்ளே இருக்கும் கார்புரேட்டர் பிஸ்டனைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பசை மாதிரிப் படிந்திருந்தது. எஸ்யூவில் அந்தப் பிஸ்டன் தலைமுடி அளவு இடைவெளியில் ஏறி இறங்குவது. தூசி ஒட்டினால் பாதியில் நின்றுவிடும். அன்றைக்கே வலையைக் கழற்றிவிட்டேன்.

அப்புறம் தட்டையான வட்ட ஃபில்டர் வாங்கிப் போட்டேன். ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. போத்துண்டி தாண்டி நெல்லியாம்பதி ஏற்றத்தில் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் வண்டி இழுக்கவே இல்லை. பிளக்கைக் கழற்றினால் நான்கும் கரி. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கார்புரேட்டர் ஊசியை மாற்றினேன், டைமிங் பார்த்தேன், பெட்ரோல் பம்பைச் சந்தேகப்பட்டேன். மூன்று வாரம் வீண்.

கடைசியில் கோயமுத்தூர் மெக்கானிக் அண்ணன் ஃபில்டரைக் கழற்றி கேஸ்கெட்டை விரலால் தடவிப் பார்த்தார். "பிஸ்டனுக்கு அடியில காத்து போக வழியே இல்லைங்க தம்பி" என்றார். கார்புரேட்டர் முகத்தில் போல்ட் துளைகளைத் தவிரச் சின்னக் காற்றுத் துளைகளும் உண்டு. அவற்றின் வழியாகத்தான் பிஸ்டனுக்கு அடியில் வெளிக்காற்று போகிறது. மேலே எஞ்சின் இழுக்கும் வெற்றிடம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிஸ்டனைத் தூக்குகிறது. கேஸ்கெட்டை நான் தலைகீழாக வைத்து அந்தத் துளைகளை மூடியிருந்தேன். திருப்பி வைத்த அன்று மாலையே அதே ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஏறியது. சந்தோஷத்தில் இரண்டு முறை ஏறி இறங்கினேன்.

ஆனாலும் மேல் ஆர்பிஎம்மில் ஏதோ ஒரு தயக்கம் மிச்சம் இருந்தது. தட்டை ஃபில்டரின் முன்தகடு கார்புரேட்டர் வாயை ஒட்டி நிற்கிறது, காற்று சுற்றி வளைந்து நுழைய வேண்டியிருக்கிறது. அதனால் ஆழம் அதிகமான காட்டன் ஃபில்டருக்கு மாறினேன். ஃபில்டருக்கு உள்ளே, கார்புரேட்டர் வாயில், உதடு உருண்டிருக்கும் ஸ்டப் ஸ்டாக் என்ற குட்டைக் குழாய் ஒன்று வைத்தேன். கூர் விளிம்பில் மோதிக் கலையாமல் காற்று வழுக்கிக்கொண்டு போக அது தேவை. விலை குறைந்த பொருள்தான், ஆனால் காலில் தெரிகிற வித்தியாசம் இதில்தான் கிடைத்தது. காற்று ஓட்டம் மாறியதால் ஊசியை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. ஃபில்டரை மாட்டியபிறகுதான் ட்யூன் செய்ய வேண்டும். கழற்றி வைத்துச் செய்த செட்டிங் மாட்டியதும் மாறிவிடும்.

இந்த ஃபில்டரோடு 9,000 கிலோமீட்டர் ஓடியாயிற்று. பிளக் நல்ல பழுப்பு நிறம். மைலேஜ் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டரிலிருந்து ஒன்பதரைக்கு வந்தது. கோடையில் மாதம் ஒருமுறை கழுவி, நிழலில் காயவைத்து, எண்ணெய் தடவுகிறேன். எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் பிஸ்டனில் போய் ஒட்டுகிறது, ஆகவே தடவியபின் ஒரு ராத்திரி செய்தித்தாள் மேல் வைத்துவிடுவேன். காலையில் தாளில் வட்டமாகக் கறை இருக்கும்.

குறை ஒன்று உண்டு. ஆழம் கூடியதால் ஃபில்டர் உள்பக்க மட்கார்டை நெருங்கிவிட்டது, கழற்றும்போது கை சிராய்க்கிறது. போன மாதம்தான் நீளக் கைப்பிடி ஸ்பேனர் ஒன்று வாங்கினேன்.