நாள்பட்ட கழுத்து வலி: நீட்சியா, ஆழ்தசைப் பயிற்சியா, வலுவூட்டலா?

மூன்று மாதங்களுக்கு மேலாகியும் தீராத கழுத்து வலியை நாள்பட்ட வலி என்கிறோம். கைகளில் பலவீனம், நடையில் தள்ளாட்டம், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை இருந்தாலோ, விபத்துக்குப் பின் வலி தொடங்கியிருந்தாலோ மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் எந்தப் பயிற்சியையும் தொடங்கக் கூடாது. இவை இல்லாதவர்களுக்கு உடற்பயிற்சி நல்ல சிகிச்சை. ஆனால் எந்தப் பயிற்சி என்பதில்தான் குழப்பம் நிலவுகிறது.

பலர் முதலில் நாடுவது நீட்சிப் பயிற்சியை. தலையைப் பக்கவாட்டில் சாய்த்துச் சிறிது நேரம் நிறுத்தினால் இறுக்கம் தளர்கிறது. அந்தச் சுகம் உண்மையானது. ஆனால் நீட்சியால் மட்டும் தசையின் தாங்கும் திறன் கூடிவிடுவதில்லை என்பதால், அதே வேலைக்குத் திரும்பியதும் வலியும் திரும்பிவிடுகிறது.

ஆழ்தசைப் பயிற்சி வேறு வகையானது. நாள்பட்ட வலியுள்ள பலருக்குக் கழுத்தெலும்புகளை முன்புறம் ஒட்டியிருக்கும் ஆழ்தசைகள் சரிவர இயங்குவதில்லை. அந்த வேலையையும் மேலோட்டமான தசைகளே இழுத்துப்போட்டுச் செய்கின்றன. மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், 'ஆம்' என்பதுபோல் முகவாயை மெல்லத் தாழ்த்திப் பத்து விநாடிகள் நிறுத்துவதே இதன் அடிப்படை. பிசியோதெரபிஸ்டுகள் கழுத்துக்கு அடியில் காற்றுப்பை ஒன்றை வைத்து, அழுத்தத்தை 20 மில்லிமீட்டர் பாதரச அளவிலிருந்து இரண்டிரண்டாகக் கூட்டி 30 வரை கொண்டுசெல்லப் பழக்குவார்கள். பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும் தவறாகச் செய்துவிட வாய்ப்பு அதிகம் என்பதால், தொடக்கத்தில் ஒருவர் அருகிலிருந்து திருத்துவது அவசியம்.

வலுவூட்டும் பயிற்சிக்கு ஆதாரம் வலுவானது. பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலியுள்ள 180 பெண் அலுவலகப் பணியாளர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து ஓராண்டு கவனித்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. ரப்பர் பட்டையின் இழுவிசையை எதிர்த்துக் கழுத்தை வலுப்படுத்தியவர்களுக்கும், படுத்தபடி தலையைத் தூக்கித் தாங்குதிறனை வளர்த்தவர்களுக்கும் வலி கணிசமாகக் குறைந்தது. நீட்சியையும் பொதுவான உடற்பயிற்சியையும் மட்டும் செய்தவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஒன்றுண்டு: முதல் குழுவில் கழுத்தை முன்வளைக்கும் வலிமை 110 விழுக்காடும், இரண்டாம் குழுவில் 28 விழுக்காடும் கூடியிருந்தும், வலி குறைந்த அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே பலம் எவ்வளவு கூடியது என்பதைவிட, தசைக்குத் தொடர்ந்து வேலை கொடுத்ததே பலன் தந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். நேரமில்லை என்பவர்களுக்கு, 2011இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு ஆறுதலளிக்கும். ரப்பர் குழாயைக் கொண்டு நாளுக்கு இரண்டே நிமிடங்கள், வாரம் ஐந்து நாட்கள், பத்து வாரங்கள் தோள்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களுக்கும் வலி குறைந்தது.

தாங்கக்கூடிய வலியோடு வேலை செய்துகொண்டிருப்பவர் நேரடியாக வலுவூட்டலைத் தொடங்கலாம் என்பதே என் பரிந்துரை. சிறு சுமைக்கே வலி கூடுபவர்களும், கழுத்திலிருந்து எழும் தலைவலி உள்ளவர்களும் ஆழ்தசைப் பயிற்சியில் தொடங்குவது நல்லது. பக்கத் தசைகள் புடைக்காமல் பத்து விநாடிகள் வீதம் பத்து முறை நிறுத்த முடிந்ததும், அவர்களும் ரப்பர் பட்டையைக் கையில் எடுக்கலாம்.