லே போகும் சிலிண்டர்: உயரம் எதைக் கசிய வைக்கும்?

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் 1 பார் இருக்கும் காற்றழுத்தம் அங்கே ஏறத்தாழ 0.65 பார்தான். வெளியே அழுத்தம் குறைவதால் சிலிண்டரில் இருப்பதெல்லாம் கசிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆக்சிஜன் சிலிண்டரைப் பொறுத்தவரை இது வீண் பயம். கூடார அடுப்புக்கு எரிவாயு தரும் பியூட்டேன் கேனைப் பொறுத்தவரை கொஞ்சம் நியாயம் உண்டு.

ஆக்சிஜன் சிலிண்டருக்குள் 150 பார் அழுத்தம் வரை இருக்கும். வெளியே 0.35 பார் குறைவது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டால், சிறு துளை வழியே வாயு ஒலிவேகத்தை எட்டிவிடும். அதற்குமேல் வெளியே எவ்வளவு குறைந்தாலும் கசிவு அதிகரிக்காது. ஆனால் குளிர் ஏமாற்றும். சமவெளியில் 35 டிகிரி வெயிலில் 150 காட்டிய மானி, லேயில் 0 டிகிரியில் சுமார் 133 காட்டும். கசிந்துவிட்டதென்று பதற வேண்டாம், வாயு அப்படியே உள்ளேதான் இருக்கிறது.

பியூட்டேன் கேன் கதை வேறு. உள்ளே திரவமாக இருப்பதால் அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது: 20 டிகிரியில் சுமார் 2 பார், 0 டிகிரியில் 1 பாரை ஒட்டி. அதாவது 0 டிகிரியில், கடல்மட்டமாக இருந்தால் பழுதான வால்விலிருந்துகூட ஏறக்குறைய ஒன்றும் வராது. அதே குளிரில் லேயில் வரும், ஏனென்றால் வெளியே 0.65தான். இங்கே உயரம் உண்மையிலேயே கசிவைத் தூண்டுகிறது. அப்படியும், லேயிலேயே 20 டிகிரியில் கசிவதைவிட 0 டிகிரியில் கசிவது மிகக் குறைவு. குளிரின் கை உயரத்தின் கையைவிட ஓங்கியது.

சிப்ஸ் பாக்கெட்டையும் சொல்லிவிடலாம். சமவெளியில் உள்ளும் புறமும் சமம், லேயைவிட உயரமான தாக்லாங் லா கணவாயில் வெளியே பாதிதான். உப்பி வெடிப்பது முழுக்க உயரத்தின் வேலை.

எனக்கு ஆக்சிஜன் சிலிண்டர், பியூட்டேன் கேன் இரண்டிலும் கவலை வாஷர்தான். குளிரில் ரப்பர் இறுகிச் சுருங்கினால், உயரம் செய்யாததை அது செய்துவிடும். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். ஆக்சிஜன் வால்வில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது, தீப்பிடிக்கும். பியூட்டேன் காற்றைவிடக் கனமானது, கூடாரத் தரையில் தேங்கும். இரவில் கேனை வெளியே வையுங்கள்.