இலங்கை வைத்தியசாலைகளுக்கு மருத்துவப் பொருட்கள் அனுப்ப முன் வாசிக்க வேண்டிய எச்சரிக்கை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்ட பிறகு, கனடாவிலும் பிரித்தானியாவிலும் உள்ள ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் மீண்டும் மருத்துவப் பொருட்கள் சேர்க்கத் தொடங்கியிருப்பதைப் பார்க்கிறேன். கூடவே, "நன்கொடைப் பொருளுக்கு வரியும் இல்லை, தடையும் இல்லை, வைத்தியசாலை வாசலில் இறக்கித் தருவோம்" என்று சொல்லும் பொதி அனுப்பும் நிறுவனங்களும் தலைகாட்டுகின்றன. இதே வாக்குறுதியைத் தந்த ஒரு நிறுவனம் 2022 இல் கனடாவின் ஸ்காபுரோவிலுள்ள எங்கள் சங்கத்துக்கு என்ன செய்தது என்பதை இங்கே எழுதுகிறேன். முழுவதையும் வாசிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இலங்கைச் சுகாதார அமைச்சின் எழுத்துமூல அனுமதியை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை ஒரு பெட்டியையும் கப்பலேற்றாதீர்கள், ஒரு சதமும் முற்பணம் கட்டாதீர்கள்.

2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. தனக்குத் தேவையான மருந்துகளில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டில் டொலர் இல்லாமற் போனால் முதலில் அடிபடுவது நோயாளிதான். அதற்குச் சில நாட்கள் முன்னர், மார்ச் இறுதியிலேயே, பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டதாகச் செய்தி வந்திருந்தது. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் மருந்தாளர் கையால் எழுதி அனுப்பிய பட்டியல் இன்றும் என்னிடம் இருக்கிறது. சத்திரசிகிச்சைக் கையுறைகள், கரையும் தையல் நூல்கள், சிறுநீர் வடிகுழாய்கள், குருதிச் சுத்திகரிப்புக்கான டயலைசர்களும் குழாய்களும் என்று அளவும் இலக்கமும் போட்டு வரிசையாக எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு கோடிட்டு, "24 ஆம் இலக்கக் கனுலா முடிந்துவிட்டது, குழந்தைகளுக்கும் 22 ஐத்தான் போடுகிறோம்" என்று எழுதியிருந்தார். கனுலா என்பது இரத்த நாளத்தில் ஏற்றி மருந்து செலுத்தும் மெல்லிய குழாய், இலக்கம் குறையக் குறைய அது பருமனாகும். குழந்தையின் மெல்லிய இரத்த நாளத்தில் பெரிய ஊசியை ஏற்றுவது என்றால் என்ன என்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பட்டியலில் இருந்ததை மட்டுமே வாங்கினோம். பழைய பொருள் எதையும் சேர்க்கவில்லை. காலாவதித் திகதி ஓராண்டுக்கு மேல் இருப்பவையாகத் தெரிவுசெய்து, பெட்டிக்குப் பெட்டி உள்ளடக்கம் எழுதி ஒட்டினோம். பிறகுதான் அந்த நிறுவனத்தின் உரிமையாளர் எங்கள் கூட்டத்துக்கே வந்து பேசினார். "தம்பி, நன்கொடைச் சாமான் எண்டால் சுங்கத்திலை ஒருத்தரும் கைவைக்க மாட்டினம். குளிசைக்குத்தான் அனுமதி வேணும், உங்கடை சாமானுக்கு ஒண்டும் தேவையில்லை. கொழும்பிலை எங்கடை ஆக்கள் எல்லாம் பாப்பினம்" என்றார். கப்பல் கட்டணத்தோடு "சுங்க விடுவிப்புச் செலவு" என்றும் ஒரு பெருந்தொகையை முற்பணமாக வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னதில் முக்கியமான எல்லாமே பொய். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கட்டுப்பாட்டில் மருந்துகள் மட்டுமல்லாமல் மருத்துவச் சாதனங்களும் அடங்கும். கனுலாவும் தையல் நூலும் டயலைசரும் அந்தச் சாதனங்களில் சேர்ந்தவை. நாட்டில் பதிவு செய்யப்படாத ஒரு தயாரிப்பை நன்கொடையாகக் கொண்டுவருவதற்குக்கூட, பதிவிலிருந்து விலக்களிக்கும் கடிதம் அந்த அதிகாரசபையிடமிருந்து வர வேண்டும். அந்தக் கடிதத்துக்கு முன்னதாக, பொருள் தேவை என்று வைத்தியசாலை எழுதித் தர வேண்டும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் நேரடிப் பொறுப்பில் இருப்பதால் அதன் கடிதம் நேரே கொழும்புக்குப் போகும். ஆனால் எங்களுடையதைப் போன்ற ஆதார வைத்தியசாலை மாகாணத்தின் கீழ் வருவது. அதன் கடிதம் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், மாகாணப் பணிப்பாளர் என்று படியேறித்தான் அமைச்சை அடையும். இந்த வேறுபாடு தெரியாத எவரும் வடக்குக்கோ கிழக்குக்கோ மருத்துவப் பொருள் அனுப்பித் தருகிறேன் என்று பணம் வாங்கக் கூடாது.

இதைவிட மோசமான காரியம் ஒன்றும் நடந்தது. ஏற்றிய பொருளுக்குக் கப்பல் நிறுவனம் தரும் கப்பற் பத்திரத்தில் (bill of lading) பொருளைப் பெறுபவராகச் சுகாதார அமைச்சின் செயலாளரையோ அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவையோ குறிப்பிடாமல், கொழும்பில் தனக்கு வேண்டிய ஒரு தனியார் அமைப்பின் பெயரை அந்த நிறுவனம் எழுதிவிட்டது. எங்களிடம் அதைக் கேட்கவும் இல்லை, பத்திரத்தின் பிரதியைக் காட்டவும் இல்லை. அரச நிறுவனம் பெறும் நன்கொடைக்கு உள்ள வரிச்சலுகை தனியார் பெயரில் வரும் பொருளுக்குத் தானாகக் கிடைத்துவிடாது. ஆகவே எங்கள் பெட்டிகள் கொழும்புத் துறைமுகத்தில் சாதாரண வர்த்தக இறக்குமதியாகக் கணக்கிடப்பட்டு, வரி கட்டு என்ற நிலையில் நின்றன. பெறுநரின் பெயரை மாற்றக் கப்பல் முகவரிடம் ஒரு விண்ணப்பம், சுங்கத்திடம் இன்னொரு விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் கட்டணம். இத்தனைக்கும் நடுவில் களஞ்சியக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது.

அதன் பின் நடந்ததில் அலுவலகங்களின் பங்கையும் மறைக்க முடியாது. வைத்தியசாலை தந்த கடிதத்தில் பொருட்களின் பெயர் இருந்தது, தயாரித்த நிறுவனத்தின் பெயர் இல்லை என்று கோப்பு திரும்பி வந்தது. திருத்திக் கொடுத்தபோது, பொதிப் பட்டியலில் உள்ள பெட்டி எண்ணிக்கையும் கப்பற் பத்திரத்தில் உள்ளதும் ஒத்துவரவில்லை என்று நிறுத்தினார்கள். அதுவும் அந்த நிறுவனம் வேறு யாருடையவோ பெட்டிகளை எங்களுடையவற்றோடு சேர்த்து எழுதியதால் வந்த வினை. கேட்கிற குறைகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்டிருந்தால் ஒரே தடவையில் தீர்த்திருக்கலாம். ஒன்றைத் தீர்த்த பிறகே அடுத்ததைச் சொல்வது அங்கே வழக்கமாக இருந்தது. அந்த ஆண்டு யூனில் எரிபொருள் தீர்ந்து, அரச அலுவலகங்களுக்கு அத்தியாவசிய ஊழியர்கள் மட்டும் அழைக்கப்பட்டார்கள். யூன் 27 ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. கையொப்பமிட வேண்டியவர் வரவில்லை, வந்த நாளில் கோப்பு வேறு மாடியில் இருந்தது. ஊரிலிருந்து ஆவணங்களோடு கொழும்புக்குப் போய்வந்த எங்கள் சங்கத்துத் தங்கச்சி ஒருவர், மாலை நான்கு மணிக்கு "நாளைக்கு வாங்கோ" என்ற பதிலோடு பேருந்து தேடி நின்ற நாட்கள் உண்டு. நாட்டின் நெருக்கடி எனக்கு விளங்குகிறது. ஆனால் நெருக்கடிக்கு மருந்தாக வந்த பொருளை அதே நெருக்கடியைக் காட்டித் துறைமுகத்தில் வைத்திருந்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பெட்டிகள் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மருந்தாளர் படம் எடுத்து அனுப்பினார். ஈரம் ஊறிய அட்டைப் பெட்டியின் அடிப்பக்கம் கையோடு பெயர்ந்து வந்திருந்தது. உள்ளே கையுறைப் பொட்டலங்களின் ஓரங்கள் பழுப்பாகி, கிருமி நீக்கிய பொருள் என்பதற்கான முத்திரை சிலவற்றில் பிரிந்திருந்தது. ஓரம் பிரிந்த பொட்டலத்தைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் கொண்டுபோக முடியாது. கரையும் தையல் நூல் வெப்பத்திலும் ஈரத்திலும் வலுக்குன்றக்கூடியது என்பதால், திகதி மிச்சமிருந்தும் அவற்றைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒதுக்கிவிட்டார். டயலைசர்களில் ஒரு பகுதிக்குக் காலாவதியாகச் சில வாரங்களே இருந்தன. அவற்றை முதலில் பயன்படுத்தித் தீர்த்தார்கள். கனுலாக்கள் மட்டும் பழுதில்லாமல் தப்பின. அதற்குள் வேறு வழியில் கனுலா வந்து சேர்ந்திருந்தது. தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த காலத்தில் அவை கொழும்பில் கிடந்தன.

விதிகளே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2004 கடற்கோளுக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு ஏறத்தாழ 4,000 தொன் மருந்துகள் வந்து குவிந்தன. அவற்றில் பெரும்பகுதி அங்கே தேவையில்லாதது, பலவற்றின் பெயர்ச்சீட்டை உள்ளூர் மருத்துவர்களால் வாசிக்கவே முடியவில்லை. நூற்றுக்கணக்கான தொன்னை அழிப்பது தனிச் செலவாகிப் போனது. நன்கொடை மருந்து வந்துசேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமிருக்க வேண்டும், பெறுபவர் கேட்டதையே அனுப்ப வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்வது இப்படியான அனுபவங்களால்தான். இலங்கையிலேயே தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து வைத்தியசாலைகளுக்குள் வந்த விவகாரத்தில், அந்தக் கொள்வனவு நடந்த காலத்தில் சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். சோதனை இல்லாவிட்டால் எது உள்ளே வரும் என்பதற்கு அதுவே சாட்சி. எங்கள் விடயத்தில் நடந்தது சோதனை இல்லை. அந்த மாதங்களில் ஒரு அதிகாரியும் ஒரு பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தின் திகதியைப் பார்க்கவில்லை. காகிதம் மட்டுமே மேசைக்கு மேசை போய்வந்தது.

ஆகவே இப்போது சேர்க்கத் தொடங்கியிருப்பவர்கள், பொருள் வாங்கும் முன்பே, எந்த வைத்தியசாலைக்கு அனுப்புகிறீர்களோ அங்கிருந்து தயாரிப்பாளர் பெயரும் அளவும் எண்ணிக்கையும் கொண்ட கோரிக்கைக் கடிதத்தைப் பெறுங்கள். அது மாகாண வைத்தியசாலையா மத்திய அமைச்சினுடையதா என்று கேளுங்கள். அமைச்சின் ஒப்புதலும் அதிகாரசபையின் விலக்குக் கடிதமும் கைக்கு வந்த பிறகு கப்பலைப் பற்றி யோசியுங்கள். கப்பற் பத்திரம் இறுதியாக முன் அதன் வரைவைக் கேட்டு வாங்கி, பெறுநர் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். வரைவைக் காட்ட மறுக்கும் நிறுவனத்தை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். மோர்பின் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்குத் தனி இறக்குமதி அனுமதி வேண்டும், அவற்றைச் சங்கங்கள் தொடவே கூடாது. கனடாவிலிருந்து இயந்திரம் அனுப்ப நினைப்பவர்கள் இங்கே மின்சாரம் 120 வோல்ட், அங்கே 230 வோல்ட் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால், நாட்டுக்குள் ஏற்கனவே பதிவு செய்யப்பட்ட பொருளைக் கொழும்பு இறக்குமதியாளரிடம் வாங்கிக் கொடுப்பதே பல வேளைகளில் விரைவானது. 2022 இல் அங்கே வாங்கப் பொருளே இருக்கவில்லை, இப்போது நிலைமை அப்படியில்லை.

கட்டிய பணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சுங்கத் தாமதத்துக்குப் பொறுப்பில்லை என்று பற்றுச்சீட்டின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதாக அந்த நிறுவனம் சொன்னது. பெறுநர் பெயரைத் தவறாக எழுதியது சுங்கம் செய்த தாமதம் ஆகாது என்று வழக்கறிஞர் மூலம் அறிவித்தல் அனுப்பிய பிறகு, "சுங்க விடுவிப்புச் செலவு" என்று வாங்கியதை மட்டும் திருப்பித் தந்தார்கள். களஞ்சியக் கட்டணமும் பழுதான பொருளின் பெறுமதியும் போனது போனதுதான். ஒன்ராறியோவில் இப்படியான கோரிக்கைக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு காலவரையறை உண்டு. உங்களுக்கும் இதே அனுபவம் இருந்தால் நாட்களைக் கடத்தாமல் பற்றுச்சீட்டு, கப்பற் பத்திரம், குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு சட்ட ஆலோசனை கேளுங்கள்.