பால் சொசைட்டியின் எண் பலகை: மாறி மாறி எரிவதா, நிலையாக எரிவதா?

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை வரை எல்லையின் இரு பக்கமும் பால் ஊற்ற வருகிறவர்கள் தங்கள் லிட்டரையும் கொழுப்பையும் பலகையில் காணும் எண்ணை நம்பியே கணக்குப் பார்க்கிறார்கள். அப்படியொரு நான்கு இலக்கப் பலகையைச் செய்ய முதன்மையாக இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி மல்டிபிளெக்சிங், அதாவது இலக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக மாறி மாறி எரிப்பது. ஓர் இலக்கம் ஏழு கோடுகளால் (செக்மென்ட்) ஆனது; புள்ளியோடு சேர்த்து எட்டு செக்மென்ட் கம்பிகள் எல்லா இலக்கங்களுக்கும் பொது. ஒவ்வோர் இலக்கத்தின் பொது முனையையும் ஒரு டிரான்சிஸ்டர் இயக்கும். இலக்கத்துக்கு 2 மில்லிவினாடி கொடுத்தால் நொடிக்கு 125 சுற்று. கண்ணுக்குச் சிமிட்டல் தெரியாது. 8 ரெசிஸ்டரும் 4 டிரான்சிஸ்டரும் போதும் என்பது கவர்ச்சிதான். ஆனால் கால் பங்கு நேரமே எரிவதால், செக்மென்ட்டுக்குச் சராசரியாக 5 மில்லியாம்பியர் வேண்டுமென்றால் எரியும் கணத்தில் 20 கொடுக்க வேண்டும். புள்ளியோடு 8 எரிகையில் ஒரே டிரான்சிஸ்டர் வழியே 160 மில்லியாம்பியர் பாயும். பிசி557 என்ற சிறு டிரான்சிஸ்டர் தொடர்ச்சியாகத் தாங்குவது 100 மட்டுமே. அதைவிடப் பெரிய பிசி327 போடுவதே முறை. எண்ணை வாங்கி எட்டு செக்மென்ட்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஐசியான 74எச்சி595 மொத்தமாகத் தாங்குவது 70 என்பதால், செக்மென்ட் பக்கமும் எட்டு டிரான்சிஸ்டர் இணைகள் கொண்ட யுஎல்என்2803 ஐசி தேவைப்படும்.

தூரத்திலிருந்து படிக்கும் பெரிய இலக்கங்களில் ஒரு செக்மென்ட்டுக்குள் பல எல்இடிகள் தொடராக இருப்பதால் 12 வோல்ட் வேண்டும். அப்போது இலக்கங்களை இயக்கும் டிரான்சிஸ்டர்கள் பிஎன்பி வகை; எமிட்டர் (மின்சாரம் நுழையும் முனை) 12 வோல்ட்டில் இருக்கும் அவற்றை 5 வோல்ட் சிக்னலால் அணைக்கவே முடியாது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் என்பிஎன் வகை டிரான்சிஸ்டரும் சேர்த்தாக வேண்டும். முந்தைய இலக்கத்தின் டிரான்சிஸ்டர் முழுதாக அணையுமுன் அடுத்த எண்ணை அனுப்பினால் பக்கத்து இலக்கத்தின் நிழல் மங்கலாக விழும் என்பதால், இடையில் ஒரு கணம் எல்லாவற்றையும் அணைக்கவும் வேண்டும்.

மேசைமேல் வைக்கும் சிறு பலகைக்கு மல்டிபிளெக்சிங்கைத் தானே செய்யும் மேக்ஸ்7219 ஐசி ஒன்றே எட்டு இலக்கங்களைப் பார்த்துக்கொள்ளும். 12 வோல்ட் பலகைக்கு அது நேரடியாக உதவாது.

இரண்டாவது வழி, எல்லா இலக்கங்களும் நிலையாக எரிவது. இதில் இலக்கத்துக்கு ஒரு 74எச்சி595, ஒரு யுஎல்என்2803, எட்டு ரெசிஸ்டர். பாகங்கள் கூடும், பற்றவைப்பு வேலையும் கூடும். ஆனால் ஐசிக்களைச் சங்கிலியாக இணைத்தால் மூன்றே சிக்னல் கம்பிகள் போதும், எண்ணும் ஒருமுறை அனுப்பினால் நிற்கும். சொசைட்டிப் பலகைக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன். அந்த நிற்கும் தன்மையிலேயே ஓர் ஆபத்தும் உண்டு: கட்டுப்பாட்டு சிப் உறைந்துபோனால், முன்னவரின் எண் அடுத்தவருக்கும் தெரிந்துகொண்டிருக்கும். சிப்பிலிருந்து துடிப்பு விடாமல் வரும்வரை மட்டுமே பலகை எரியும்படி, 595-இன் வெளியீட்டை அனுமதிக்கும் அவுட்புட் எனேபிள் முனையை, துடிப்பு நின்றால் சற்று நேரத்தில் நிலை மாறும் டைமர் ஐசியான 74எச்சி123 வழியாக இணைப்பது இதற்குத் தீர்வு.

இன்னொன்று. மல்டிபிளெக்சிங்கில் ஒரு ரெசிஸ்டர் விட்டுப்போனால் நான்கு இலக்கங்களும் ஒரே இடத்தில் குறையும், யாரும் கவனித்துவிடுவார்கள். நிலையான பலகையில் ஒரே இலக்கத்தின் நடுக்கோடு மட்டும் அணையும், 3.8 கொழுப்பு 3.0 என்று தெரியும். ஆகவே ஒவ்வொரு வேளையும் பலகையைப் போட்டவுடன், புள்ளிகளோடு 8888 சில நொடிகள் எரியும்படி நிரல் எழுதி, முதல் கேனை இறக்குமுன் அதை வரிசையில் நிற்கிறவர்களும் பார்க்கும்படி செய்ய வேண்டும்.